தொண்டை நாட்டுப் போர்களின் தோற்றம்

தோற்றுவாய்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலை இருங்காட்டுக்கோட்டையையும் திருப்பெரும்பூதூரையும் கடந்து செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் என இன்று பெருவழக்காக வழங்குவது இத்திருப்பெரும்பூதூரே ஆகும். அதற்குத் தெற்கே ஒரகடம் என்னும் ஊர் உள்ளது. இவ்வூர்களைச் சூழ்ந்த நிலப்பரப்பில் மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இரவும் பகலும் லாரிகள் ஓய்வின்றி ஓடுகின்றன.

ஒரகடத்திற்கு வடகிழக்கே, இவ்வாரவாரத்திற்குச் சற்று ஒதுங்கி, மணிமங்கலம் என்னும் பழைய ஊர் அமைந்துள்ளது. பெரியதோர் ஏரியும் தொன்மை வாய்ந்த கோயில்களும் அவ்வூருக்கு அணி செய்கின்றன. இன்று அமைதியாக விளங்கும் அவ்வூர், ஏறத்தாழ 1,380 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெரும் போர்க்களமாக இருந்தது. தக்காணத்தை ஆண்ட சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியும், காஞ்சியை ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மனும் அங்கே எதிரெதிர் நின்று பொருதனர்.

புலிகேசியின் தலைநகர் வாதாபி. அந்நகர் கருநாடகத்தில் பாதாமி என்னும் பெயரோடு இன்றும் உள்ளது. அங்கிருந்து மணிமங்கலம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. அத்துணைத் தொலைவு கடந்து ஒரு வேந்தன் படையொடு வந்தது எதன்பொருட்டு? ஒரு நாட்டின்மேல் இரு பேரரசுகள் தலைமுறை தலைமுறையாகப் போரிட நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாக்களுக்குரிய விடை ஓர் அரசனின் சினத்தில் மட்டும் இல்லை. நாட்டின் இருப்பிலும், அதனைச் சூழ்ந்த அரசுகளின் வளர்ச்சியிலும் பெரும்பாலும் அடங்கியுள்ளது.

நாட்டின் இருப்பு

வடக்கே வேங்கட மலையும், தெற்கே தென்பெண்ணையாறும், கிழக்கே கடலும், மேற்கே மலைத்தொடர்களும் சூழ அமைந்தது பழைய தொண்டை நாடு. இருபத்து நான்கு கோட்டங்களாக அது பகுக்கப்பட்டிருந்தது. காஞ்சி அதன் தலைநகர்.

இந்நாட்டின் மேற்கே உயர்ந்து கிடப்பது தக்காணப் பீடபூமி. பீடபூமியிலிருந்து கீழைக் கடற்கரைக்கு இறங்குவோர் தொண்டை நாட்டின் வழியே வருதல் எளிது. தெற்கே காவிரிச் சமவெளி உள்ளது. அங்கிருந்து வடபுலம் செல்வோரும் இந்நாட்டைக் கடந்தே செல்லுதல் வேண்டும். வடக்கே கிருட்டிணை, கோதாவரி ஆகிய பேராறுகளின் கழிமுகத்தில் வேங்கி நாடு இருந்தது. எனவே தொண்டை நாடு முப்புறமும் வழிகள் வந்து கூடும் இடைநிலமாக இருந்தது. காஞ்சியைக் கைக்கொண்டவன் அவ்வழிகளையும் கைக்கொண்டவன் ஆவான். மாமல்லபுரம் முதலிய கடற்றுறைகளும் அவனுடையனவாகும்.

பல வழிகள் கூடும் நாட்டிற்குச் செல்வமும் கல்வியும் எளிதில் வந்து சேரும். ஆனால், அவ்வழிகளிலேயே பகைவர் படையும் வருவதுண்டு. தொண்டை நாட்டின் ஆக்கத்திற்கும் அல்லலுக்கும் காரணம் ஒன்றே என்பது இதனாற் புலனாகும்.

பகையின் வித்து

காஞ்சிக்கும் மேற்கு நாட்டிற்கும் இடையே நிகழ்ந்த பழைய பூசல் ஒன்றைக் கருநாடகத்துத் தாளகுந்தா என்னும் ஊரிலுள்ள தூண் கல்வெட்டுத் தெரிவிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் அந்தணன் கல்வி கற்கும் விருப்பத்தோடு காஞ்சிக்கு வந்தான். அந்நகரில் கடிகை எனப்படும் உயர்கல்வி நிலையம் புகழுடன் விளங்கியது. அங்கே பல்லவருடைய குதிரை வீரன் ஒருவனோடு அவனுக்குப் பூசல் விளைந்தது. அவமதிக்கப்பட்டதாக உணர்ந்த மயூரசர்மன் நூலைத் துறந்து வாளை ஏந்தினான். காடுகளில் படை திரட்டிப் பல்லவரின் எல்லைக் காவலரை வென்றான். முடிவில் பல்லவர் அவனோடு இணங்கி, மேற்கே ஒரு நிலப்பகுதிக்கு அவனை அரசனாக ஏற்றனர். அவன் மரபினரே கதம்பர் ஆவர்.

ஒரு மாணவனின் சினத்தால் ஓர் அரசு தோன்றியது என்று இதனைக் கொள்வாரும் உளர். ஆயினும் கல்வெட்டை ஆழ்ந்து நோக்கினால் வேறோர் உண்மையும் விளங்கும். பல்லவருக்கு அக்காலத்தில் மேற்கே நெடுந்தொலைவு வரை எல்லைக் காவல் இருந்தது; அவ்வெல்லை உறுதியற்றதாகவும் இருந்தது. அதனாலன்றோ தனியன் ஒருவன் படை திரட்டி அதனை உடைக்க இயன்றது! ஆறாம் நூற்றாண்டில் கதம்பர் ஆண்ட நாடு சாளுக்கியர் வசமாயிற்று. நிலத்தோடு அந்நிலத்தின் எல்லைப் பூசலும் சாளுக்கியரைச் சேர்ந்தது.

வளர்ந்த இரு பேரரசுகள்

முதலாம் புலிகேசி வாதாபி மலைமேல் 543-இல் கோட்டை எடுத்தான். அவன் வழித்தோன்றல்கள் நாற்புறமும் நாட்டை விரிவாக்கினர். ஏறத்தாழ அக்காலத்திலேயே காஞ்சியில் பல்லவரும் வலிமை பெற்றனர். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சிம்மவிட்டுணு காவிரி பாயும் சோழ நாட்டைக் கைப்பற்றினான். அவன் மகன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் பல்லவ நாடு வடக்கே தெலுங்கு நிலத்திலும் தெற்கே காவிரிக் கரையிலும் பரந்திருந்தது.

ஒருங்கே வளரும் இரு மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று உராய்தல் இயல்பு. இரண்டாம் புலிகேசி 610-ஐ ஒட்டி அரியணை ஏறியபின் அவ்வுராய்வு தீயாயிற்று. ஐகொளெ என்னும் ஊரிலுள்ள கல்வெட்டு அவனுடைய வெற்றிகளைக் கூறுவது. சகம் 556-இல், அதாவது 634-ஐ ஒட்டி, இரவிகீர்த்தி என்னும் புலவர் அதனை இயற்றினார். தன் மன்னனுடைய எழுச்சியைப் பல்லவன் தடுத்தான் என்பதே அக்கல்வெட்டுப் பல்லவன்மேல் சாற்றும் குற்றம். தன் வளர்ச்சிக்குத் தடையாக நிற்றலே பகைக்குப் போதிய காரணமாக அக்காலப் பேரரசர் கருதினர் என்பது இதனால் வெளிப்படுகிறது.

வேங்கி நாட்டின் வீழ்ச்சி

புலிகேசி வேங்கி நாட்டை வென்று தன் தம்பி விட்டுணுவர்த்தனனை அதற்குத் தலைவனாக்கினான். கீழைச் சாளுக்கிய மரபு அவனால் தோன்றியது. இந்நிகழ்ச்சி பல்லவருக்குப் பேரிடியாயிற்று. ஏனெனில், கிருட்டிணையாற்றங்கரை நாடு முன்னாளில் பல்லவர் ஆணைக்கு உட்பட்டிருந்தது. குண்டூர்ப் பகுதியில் கிடைத்த மயிதவோலுச் செப்பேடு, காஞ்சியிலிருந்து பல்லவ இளவரசன் தான்யகடகத்து அலுவலனுக்கு விடுத்த ஆணையாகும். அத்தகைய நாட்டில் இப்பொழுது சாளுக்கியக் கொடி பறந்தது. மேற்கே அண்ணனும் வடக்கே தம்பியுமாகச் சாளுக்கியர் இரு திசைகளிலும் தொண்டை நாட்டை நெருக்கினர்.

தெற்கேயும் பல்லவருக்கு உற்ற துணைவர் இலர். சிம்மவிட்டுணுவிடம் நிலம் இழந்த சோழரும், பல்லவரின் வளர்ச்சியை விரும்பாத பாண்டியரும் சேரரும் அங்கிருந்தனர். புலிகேசி காவிரியைக் கடந்து அம்மூவேந்தரும் மகிழ ஒழுகினான் என ஐகொளெக் கல்வெட்டுக் கூறுகிறது. பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்னும் அரசியல் நெறி அங்கே செயற்பட்டது. சிம்மவிட்டுணுவின் வெற்றி அவன் பேரனின் காலத்தும் பகையாகத் தொடர்ந்தது. ஒரு நாடு தன் அண்டை நாட்டை வெல்லும்போது நிலத்தை மட்டும் பெறுவதில்லை; அதனொடு மனக்கசப்பையும் பெறுகிறது.

புள்ளலூரும் மணிமங்கலமும்

சாளுக்கியப் படை முதலில் மகேந்திரவர்மன் காலத்தில் தொண்டை நாட்டில் நுழைந்தது. காஞ்சிக்கு வடக்கே அணித்தாக உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்தான் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர் பெயரை அச்செப்பேடு கூறவில்லை. சாளுக்கியரே அவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. ஐகொளெக் கல்வெட்டோ, புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கிற்று என்றும், அவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்றும் கூறுகிறது.

இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். படை காஞ்சியை நெருங்கியது. ஆனால் காஞ்சி வீழவில்லை. தம் வேந்தனின் புகழைப் பாட வந்தோர் அவன் பெற்றதை மட்டும் கூறினர். பெறாததைக் கூறாது விடுத்தனர்.

மகேந்திரவர்மனுக்குப் பின் அவன் மகன் நரசிம்மவர்மன் அரசனானான். மாமல்லன் என்பது அவனுடைய சிறப்புப் பெயர். அவன் காலத்தில் புலிகேசி மீண்டும் படையெடுத்து வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் மாமல்லன் அவனைப் பலமுறை வென்றான் எனக் கூரம் செப்பேடு கூறுகிறது. இவற்றுள் மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே உள்ளது. ஆதலின், மேற்கேயிருந்து வந்த படை காஞ்சியையும் கடந்து, கடற்கரைக்குச் செல்லும் வழிவரை ஊடுருவியது எனக் கருத இடமுண்டு. தலைநகருக்கும் கடற்றுறைக்கும் இடையே பகைவன் நிற்பானாயின் அரசு நிலைபெறுதல் அரிது. மணிமங்கல வெற்றி அந்த இடரை நீக்கியது.

அதன்பின் பல்லவப் படை மேற்கு நோக்கித் திரும்பியது. 642-ஐ ஒட்டி வாதாபியைக் கைப்பற்றியது. மாமல்லனின் பெயர் தாங்கிய கல்வெட்டு ஒன்று வாதாபிப் பாறையில் இன்றும் உள்ளது. வாதாபி கொண்டவன் என அவன் புகழப்பட்டான். சிறுத்தொண்டர் என்னும் நாயனார், சிவத்தொண்டில் முழுதும் ஈடுபடும் முன் வாதாபி சென்ற படையின் தலைவராக இருந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அக்காலத்தை ஒட்டித் தென்னாடு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், புலிகேசியின் நாட்டையும் காஞ்சி நகரையும் தம் குறிப்பில் விரித்துரைத்துள்ளார். காஞ்சி நாட்டு மக்கள் அஞ்சாமையும் வாய்மையும் உடையவர், கல்வியைப் போற்றுபவர் என்பது அவர் கூற்று.

பகையின் பயன்

வாதாபியின் வீழ்ச்சியோடு பகை முடிந்ததா எனின், இல்லை. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் சாளுக்கிய அரசை மீண்டும் நிலைநிறுத்தினான். காஞ்சியைக் கைப்பற்றித் தெற்கே காவிரிக் கரை வரை சென்றான். உறையூரில் தங்கியிருந்தபோது 674-இல் அவன் வழங்கிய கத்வால் செப்பேடு இதனைக் கூறுகிறது. பல்லவரின் கூரம் செப்பேடோ, பேரளவில் படை கொண்டுவந்த விக்கிரமாதித்தன் கந்தையொன்றை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடுமாறு பரமேசுவரவர்மன் அவனை வென்றான் என்கிறது. ஒரே போர் குறித்து இரு தரப்பும் தத்தமக்கே வெற்றி என்று எழுதிக்கொண்டன! வரலாறு கற்போர் ஒரு தரப்புச் சான்றை மட்டும் நம்புதல் தகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். ஆயினும் அவன் நகரை அழிக்கவில்லை. கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் பொறித்த கல்வெட்டு அக்கோயிலிலேயே உள்ளது. அவன் தேவி உலோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கட்டடக் கலையின் சாயல் விளங்குகிறது. படை நடந்த வழியில் கலையும் நடந்தது.

இந்நெடும் பகையால் இறுதியில் பயன் பெற்றவர் யாவர்? சாளுக்கியரும் அல்லர், பல்லவரும் அல்லர். சாளுக்கியர் தளர்ந்தபோது, 753-ஐ ஒட்டி இராட்டிரகூடர் அவர்தம் நாட்டைக் கவர்ந்தனர். பல்லவர் தளர்ந்தபோது, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் தொண்டை நாட்டைக் கைக்கொண்டனர். பின்னர் அவ்விரு புதிய அரசுகளும் இந்நாட்டின்பொருட்டே தம்முள் பொருதன. 949-இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் துறந்தான். அரச மரபுகள் மாறின. நாட்டின் இருப்பு மாறவில்லை. ஆதலின் போரும் மாறவில்லை.

ஆங்கிலேயர் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1780-இல் மைசூர் வேந்தர் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியே பெரும்படையுடன் இறங்கினார். குண்டூரிலிருந்து காஞ்சி நோக்கி வந்த கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை, செப்டம்பர் 10-ஆம் நாள், ஐதரும் அவர் மகன் திப்புவும் முற்றுகையிட்டு முறியடித்தனர். அக்களம் மகேந்திரவர்மன் பொருத அதே புள்ளலூர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னும் பீடபூமியிலிருந்து வந்த படை அவ்வூரிலேயே போர் தொடுத்தது தற்செயல் அன்று. நிலம் காட்டிய வழி அது.

நாட்டைக் காத்தவர்

இத்துணைப் போர்களுக்கு இடையிலும் தொண்டை நாடு பாழாகாமல் நிலைத்தது எங்ஙனம்? விடை கூரம் செப்பேட்டிலேயே உள்ளது. மணிமங்கலப் போரைக் கூறும் அச்செப்பேடு போரைக் கூறுவதற்காக எழுதப்பட்டது அன்று. கூரத்தில் எடுத்த கோயிலுக்கு ஊர் ஒன்றை அளித்த செய்தியே அதன் பொருள். பரமேசுவரத் தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்னும் வாய்க்காலையும் அது குறிக்கிறது. மண்டபத்தில் பாரதம் படிப்போருக்கும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டது.

தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் பேராறு இல்லை. பெய்யும் மழையை ஏரியில் தேக்கினாலன்றிப் பயிர் விளையாது. ஆகவே ஏரியைப் பேணுதல் ஊராரின் முதற்கடனாயிற்று. ஒரகடத்திற்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியம் என ஒரு குழுவே அங்கு இருந்தது. தக்கோலப் போர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. அரசர்கள் எல்லைக்காகப் போரிட்ட அதே காலத்தில் ஊரார் கரைக்காகக் கூடினர்.

மணிமங்கலத்துக் கோயிற் சுவர்களில் பிற்காலச் சோழரின் கல்வெட்டுகள் உள்ளன. துங்கபத்திரைப் பக்கத்தில் சாளுக்கியரோடு நிகழ்த்திய கொப்பம், கூடல்சங்கமம் ஆகிய போர்கள் அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. வாதாபி வேந்தன் படையொடு வந்த ஊரிலேயே, நானூறு ஆண்டுகளுக்குப் பின், சாளுக்கிய நாட்டின்மேல் தமிழ் வேந்தர் படையொடு சென்ற செய்தி பொறிக்கப்பட்டது. வந்தவனைப் பழித்த நாடே பின்னர்ச் சென்றவனைப் புகழ்ந்தது. இதனை நடுநிலையோடு எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

வழிகள் படைகளுக்கு மட்டும் உரியன அல்ல. திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமாநுசர் காஞ்சியில் கற்றார். பின்னர்ப் போசள நாட்டு மேல்கோட்டைக்குச் சென்று தங்கினார் என்பது வைணவ மரபு. எந்த மேற்குத் திசையிலிருந்து படைகள் வந்தனவோ அத்திசை நோக்கி ஓர் ஆசிரியரின் அருள்நெறி சென்றது. இக்காலத்தில் அத்திசைவழிச் சாலையின் இருமருங்கும் தொழில் வளர்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. துறைமுகமும் பெருஞ்சாலையும் அணித்தாக இருத்தலே இவை இங்கு வந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று. புலிகேசியை இங்கு ஈர்த்த நிலத்தின் இருப்பே இத்தொழில்களையும் ஈர்த்தது.

கொரியாவும் இடைநின்ற நாடே. சீனம், சப்பான், உருசியம் ஆகிய வல்லரசுகள் அதன்பொருட்டுப் பொருதன. 1910 முதல் 1945 வரை அது சப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த போருக்குப் பின்னும் அது இரு கூறாகவே நிற்கிறது. தொண்டை நாட்டின் பழங்கதை உலகின் பல நாடுகளுக்கும் பொருந்தும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இடைநின்ற நாடு தன் இருப்பை மாற்றிக்கொள்ள இயலாது. அதன் வழியே படை வருமா, பண்டம் வருமா என்பது அண்டை நாடுகள் தம்முள் கொள்ளும் இணக்கத்தைப் பொறுத்தது. பகையின் தோற்றத்தை ஆராய்வோர், முதலிற் புண்பட்டவன் யார் என்று கேட்பதோடு அமைதல் கூடாது; நிலம் எங்குள்ளது, நீர் யாருடையது, வழி எங்குச் செல்கிறது, இரு தரப்பும் என்ன கூறுகின்றன என்றும் கேட்டல் வேண்டும். மணிமங்கலத்தில் வென்றோரும் தோற்றோரும் மறைந்தனர்; அவர்தம் மதில்களும் மறைந்தன. அவ்வூர் ஏரியில் மழைநீர் இன்றும் நிறைகிறது.